கேட்டு வந்த மருதோன்றி

வெள்ளிக்கிழமை, காலை 5.40

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகும் பஸ்ஸில் ஏறினேன். புத்தளம் வரைக்கும் 1150 ரூபா. "புத்தளத்திலை ஆர் இருக்கினம், ரீச்சர்?" என்று நடத்துனர் கேட்டார். நான் ஆசிரியை என்பது என் முகத்தில் எங்கேயோ எழுதி ஒட்டியிருக்க வேண்டும். முப்பது வருடமாக யாரும் அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டதே இல்லை. சிநேகிதி ஒருத்தி, பரீதா என்று பெயர், அவளுடைய மகளுக்குக் கலியாணம் என்றேன். "அப்ப புரியாணிதான்" என்றார், ஏதோ தானும் கூட வரப்போகிறவர் போல.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பரீதாவும் நானும் இரண்டு வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தோம். அவள் மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு, அவளுக்குப் பதினாறு வயதில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வெளியேறச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியது அவள் குடும்பம். என் சனத்தின் பெயரைச் சொல்லித்தான் அதைச் செய்தார்கள். இதைப் பற்றி அவளிடம் வாய் திறக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. திறந்தபோது அழுதேன். "நீயா துரத்தினாய்? போய் முகத்தக் கழுவிட்டு வா" என்றாள். அன்று தொட்டு அவளை விட நெருங்கின ஆள் எனக்கு இல்லை. அப்படியிருந்தும் போர் முடிந்து பதினான்கு வருடத்தில் அவள்தான் இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் அவள் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் முறை. அந்த வெட்கமும் என் பையோடு சேர்ந்து பயணப்பட்டது.

பகல் 12.50

புத்தளம். ஜும்ஆத் தொழுகை நேரம், பாதிக் கடைகள் பூட்டு. ஆட்கள் குறைந்த தெருவைக் கழுதைகள் எடுத்துக்கொண்டிருந்தன. இந்த ஊர்க் கழுதைகளுக்கு உரிமையாளர் யாரும் இல்லையாம். பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒன்று குறுக்கே நின்றது. சாரதி ஹோர்ன் அடித்தார். அது காதைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் பஸ்தான் வளைத்துக்கொண்டு போனது.

கற்பிட்டி பஸ் 1.45க்கு. நுரைச்சோலை வரை 130 ரூபா. தலவில கத்தோலிக்க ஆலயத் திருவிழாக் காலம் என்பதால் பஸ் நிறையச் சிங்கள யாத்திரிகர்கள், பாய், தலையணை, சமையல் பானை சகிதம். என் மடியில் ஒருவருடைய பானை பாலாவி வரை பயணம் செய்தது. பாலாவியில் உப்பளம் தொடங்குகிறது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் ஓலையால் மூடிய உப்புக் குவியல்கள். அங்கிருந்து ஒரு பக்கம் களப்பின் அடங்கிய நீர், மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாமல் கடல். நடுவில் மணலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் பூசணியும் செழித்துக் கிடந்தன. காற்றாலைகள் சுழன்றன. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஜன்னலால் மணலை அள்ளி முகத்தில் போட்டது. எங்கள் ஊர் மண்ணில் வெங்காயம் விளைவிக்க நாங்கள் படும் பாட்டை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

நுரைச்சோலைச் சந்தியிலிருந்து ஆலங்குடாவுக்கு ஓட்டோ, 300 ரூபா. வாசலில் பரீதா நின்றாள். "ஒரு வழியா வந்திட்டாய்" என்று சொல்லிக் கட்டிப்பிடித்தாள். பதினான்கு வருடத்துக்கும் சேர்த்து அவள் சொன்ன குறை அவ்வளவுதான்.

மணமகள் ஷிபானாவுக்கு இருபத்து மூன்று வயது. சிரிப்பு தாயுடையது, பேச்சு தாயை விடக் குறைவு. மாப்பிள்ளை ஹஸ்ஸான் கற்பிட்டிப் பழங்குடும்பம், வெங்காய வியாபாரம். நிக்காஹ் ஞாயிறு பிற்பகல் என்றும், சனி பின்னேரம் மருதோன்றி என்றும் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் மருதோன்றி என்றால் நகச்சுற்றுக்கு அரைத்துப் பூசுவது, இல்லாவிட்டால் இப்போது அழகு நிலையங்களில் கூம்புப் பையால் கோடு இழுப்பது. இங்கே இது வேறு கணக்கு. பிறந்து நாற்பது நாளான பிள்ளையின் நகத்திலிருந்து ஆரம்பம். பெருநாளுக்கு, கலியாணத்துக்கு, ஏழாம் மாதக் கர்ப்பிணிக்கு. கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் நான்கு மாதமும் பத்து நாளும் மட்டும் அதைத் தொடமாட்டாள். சந்தோசம் வீட்டுக்குள் இருக்கிறதா என்று கையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கடையில் விற்கும் கூம்பை வாங்கினால் என்ன என்று நான் கேட்டேன். ஷிபானா சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். இரண்டு பெருநாளுக்கு முந்தி, பத்து நிமிடத்தில் கறுக்கும் என்று சொல்லி விற்ற ஒரு கூம்பு அவள் மணிக்கட்டைக் கொப்பளிக்க வைத்திருக்கிறது. பூ வடிவத்திலேயே தழும்பு. இனிமேல் பச்சை இலை தவிர வேறு எதையும் தோலில் வைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டுக்கும் இது தெரியும்.

"அப்ப இலை?" என்றேன்.

"அவங்க அனுப்புவாங்க" என்றாள் பரீதா.

சனிக்கிழமை, காலை 10.30

அவர்கள் அனுப்பவில்லை.

பரீதா என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். பச்சை இலை அரைத்து வைத்தால் முதலில் செம்மஞ்சள் நிறம்தான் வரும். ஓர் இரவும் ஒரு பகலும் போனால்தான் கறுத்துச் சிவக்கும். அதனால் பொழுது சாய முன் மணமகளின் கையில் ஏறிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வெள்ளைக் கையோடு உட்காருவாள்; வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பதே கையைத்தான்.

"எங்கட எருக்கலம்பிட்டியில மாப்பிள்ள வீட்டுப் பொம்புளையள் முதல் நாளே இலையத் தட்டுல வெச்சுக் கொண்டு வருவாங்க. நேத்து அசர் தொழுகைக்குப் பாத்தன். மஃரிபுக்குப் பாத்தன். இண்டைக்குக் காலையில இருந்து பாத்துக் கொண்டிருக்கன்."

"போன் எடுத்துக் கேளன்."

"கேக்க மாட்டன்."

"கேட்கிறதிலை என்னடி?"

அவள் கையிலிருந்த அகப்பையை வைத்தாள். "வசந்தி, கற்பிட்டியில வந்து எறங்கின அண்டைக்கு உம்மாக்குக் குடிக்கத் தண்ணி கேட்டன். புறகு கிணத்துல அள்ளக் கேட்டன். கொட்டில் போடக் காணி கேட்டன். பள்ளிக்கூடத்துல ஒரு கதிர கேட்டன். அரிசி கேட்டன், கிடுகு கேட்டன், கையெழுத்துக் கேட்டன். குடுத்தாங்க, இல்லயெண்டு செல்லல்ல. ஆனா கேட்டுக் கேட்டே என்ட வயசு போயிட்டு. இந்தக் கலியாணத்துக்கு நான் யாரிட்டயும் ஒண்டும் கேக்க மாட்டன். அதுவும் சம்மந்தி வீட்டுல."

நான் போய்த் தேடிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: யாருக்கு என்று சொல்லக் கூடாது. தெரிந்த ஓட்டோக்காரரும் வேண்டாம். சந்திக்கு நடந்து போய்த் தெரியாதவர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். "ஆரும் கேட்டா உன்ட குதிக்கால் வெடிப்புக்கு எண்டு செல்லு" என்றாள். என் குதிக்கால் வெடிப்பு அவளுக்கு விடுதிக் காலத்திலிருந்தே தெரியும்.

காலை 11.20

சந்தியில் கிடைத்த ஓட்டோக்காரர் நளீம் நானா; அண்ணனை இங்கே நானா என்பார்கள். ஐம்பது வயதிருக்கும், வாய் ஓட்டோவை விட வேகம். கற்பிட்டி வரை போய் வர மூவாயிரம் பேசினோம்.

"மருதோன்றியா டீச்சர்? முந்தி வேலிக்கு வேலி நிண்டிச்சு. இப்ப எல்லாரும் மதில் கட்டுறாங்க. மதில் பூக்குமா?"

முதலில் ஆலங்குடாவிலேயே அவருக்குத் தெரிந்த ஒரு வீடு. மதில் புதிதாக நிமிர்ந்து நின்றது. மரம் நின்ற இடத்தில் சீமெந்துத் தூண். அடுத்தது ஏத்தாளையில். அங்கே மரம் இருந்தது, இலை இல்லை. நேற்றைக்குத்தான் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஒன்று விடாமல் மேய்ந்துவிட்டதாம். குற்றவாளி பக்கத்திலேயே நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"கவலப்படாதீங்க" என்றார் நளீம் நானா. "இந்த ரோட்டுல நல்ல மருதோன்றி எண்டா ஒரே வீடுதான். நாப்பது அடிக்கு வேலியே மருதோன்றி. கேட்டா அள்ளித் தருவாங்க."

பகல் 12.40

கற்பிட்டி நகருக்குச் சற்று முன்னால் ஒரு மணல் ஒழுங்கை. வேலியைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆளுயரத்துக்கு அடர்ந்த மருதோன்றி. நுனியெல்லாம் வெளிறிய சின்னப் பூ. அந்த மணம் ஓட்டோவுக்குள்ளேயே வந்தது. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். இது கலியாண மாதம்தானே என்று நினைத்தேனே தவிர மேற்கொண்டு மூளை ஓடவில்லை.

வீட்டுக்காரப் பெண்மணிக்கு அறுபதுக்கு மேல். பெயர் ஜெமீலா. நளீம் நானா அவரை "தாத்தா" என்று கூப்பிட்டார். இந்தப் பக்கத்து முஸ்லிம்களிடம் அது அக்காவைக் குறிக்கும் சொல். நான் குதிக்கால் கதையைச் சொன்னேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"யா அல்லாஹ், இது காலா, வெடிச்ச வயலா? வாங்க உள்ளுக்கு."

"இலை கொஞ்சம் தந்தால் காணும், நான் கொண்டு போய்..."

"கண்ணால பாத்த புறகு வெறும் இலையக் குடுத்து அனுப்பவா? விடியக்காலையில அரைச்ச சாந்து கிண்ணம் நிறையக் கெடக்கு."

மறுக்க இடம் தரவில்லை. நளீம் நானாவுக்கு வெளியே தேத்தண்ணி போனது. என்னை ஒரு கதிரையில் இருத்தி, எதிர்க் கதிரையில் என் கால்களைத் தூக்கி வைத்து, கழுவித் துடைத்து, சாந்தை அள்ளி அப்பத் தொடங்கினார். பச்சை இலையும் தேசிக்காய்ச் சாறும் கராம்பும் கலந்த குளிர்ச்சி. சப்பாத்துப் போட்டது போல உள்ளங்காலைச் சுற்றி ஒரே கனத்தில் இழைத்தார். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் இப்படித்தான் மாதம் ஒரு தரம் போடுவார்களாம்; உப்புத் தண்ணீர் காலைத் தின்னாதாம். இந்த மரம் எப்படி இந்தக் கரைக்கு வந்தது என்று கேட்டேன்.

"எங்கட மூத்தாக்கள் கப்பல்ல கொண்டு வந்ததெண்டு செல்வாங்க. அதுக்கு முந்தியே காட்டுல நிண்டதெண்டும் செல்றாங்க. மரத்துக்கிட்டயா போய்க் கேக்கிற?"

எகிப்தில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் புதைத்தவர்களின் நகத்திலும் இந்தச் சிவப்பு இருந்தது என்று படித்ததைச் சொன்னேன். "பாருங்க, மண்ணுக்குள்ள போயும் போகல்ல" என்று சந்தோசப்பட்டார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் அரைத்த சாயத்தால் சிவந்து கிடந்தன.

"வீட்டிலை என்ன விசேசம்?" என்றேன்.

"நாளைக்கு மகன்ட கலியாணம். ஹஸ்ஸான். பொண்ணு ஆலங்குடாப் பக்கம்."

கால் இரண்டும் சாந்துக்குள். எழுந்து ஓடவும் வழியில்லை. நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனார். கற்பிட்டியில் வழக்கம் வேறு. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தாயிடம் வந்து இலை கேட்க வேண்டும். அதற்குப் பெயரே மருதோன்றி கேட்டு வருவது. கேட்டு வந்தவர்களை இருத்தி, தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்ப இனிப்புக் கொடுத்து, எல்லோருமாய்ச் சேர்ந்து பறித்துக் கொடுத்து அனுப்புவார்கள். கேட்டு வருவது தாய்க்குச் செய்யும் மரியாதை. ஏனென்றால் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான்.

"நேத்துல இருந்து வட்டிலப்பம் அவிச்சு வெச்சிட்டு ரோட்டப் பாத்துக்கொண்டிருக்கன். மேல் பக்கத்து வேலிய ஆரையும் தொட விடல்ல. வரல்ல. எங்கட இலை அவங்களுக்கு வேணாமாக்கும்." கை என் குதிக்காலில் அழுந்தியது. "பெத்து வளத்த மகனையே குடுக்கிறம் டீச்சர். ஒரு பிடி இலை கேட்டு வாறதுக்கு என்ன கஷ்டம்?"

இப்போது நான் என்ன செய்வது? பேசாமல் இருந்தால் என் காலுக்கென்று ஒரு பை இலை கிடைக்கும். ஷிபானாவின் கையும் சிவக்கும். ஆனால் நாளைக்கு இரண்டு தாய்மார் ஒருவருக்கொருவர் சலாம் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் ஆளுக்கொரு மனக்குறையைப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டு பேரப்பிள்ளை பிறந்தாலும் திறக்காது. சொன்னால் பரீதாவுக்குக் கொடுத்த வாக்குப் போகும். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று சொல்லிக் கொடுத்தவளுக்கு அன்றைக்குப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: நான் யார் வீட்டிலிருந்து வருகிறேன், எருக்கலம்பிட்டி வழக்கம் என்ன, பரீதா அடுப்படியில் சொன்னது என்ன. தண்ணீர், கிணறு, காணி, கதிரை என்று அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

ஜெமீலா தாத்தா கையை எடுத்துவிட்டார். கோபித்துக்கொண்டார், எல்லாம் என்னால் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

"அந்த வள்ளங்கள் வந்த நேரம் நானும் கரைக்குப் போனன்" என்றார். "கஞ்சி காச்சிக் கொண்டு போனம். பெரிய உதவி செஞ்சதா இவ்வளவு காலமும் நெனச்சுக்கொண்டிருக்கன். கேக்கக் கேக்கக் குடுத்தம், உண்மதான். கேக்க முந்திக் குடுக்க எங்களுக்குத் தெரியல்லயே."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சாயம் கன்னத்தில் பட்டது. பிறகு சட்டென்று எழுந்து, "ஒரு மணி தாண்டிட்டு. வாங்க, ஆயறதுக்கு ஆள் கூப்பிடுறன். நீங்க காலத் தரையில வெக்க வேணாம்" என்றார்.

பகல் 2.15

வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் மேல் பக்கத்து வேலியை அரை மணித்தியாலத்தில் மொட்டையடித்தார்கள். ஒரு சாக்கு நிறைய இலை. திட்டம் ஜெமீலா தாத்தாவுடையது. நான் முன்னால் ஓட்டோவில் போய், ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவர் கால் மணித்தியாலம் கழித்து வானில் வருவார். நான் இங்கே வந்ததே பரீதாவுக்குத் தெரியக் கூடாது.

என் இரண்டு கால்களிலும் சொப்பிங் பை கட்டி நளீம் நானாவின் ஓட்டோவில் ஏற்றினார்கள். "டீச்சர், இத நான் ஆருக்கிட்டயும் செல்ல மாட்டன்" என்று அவர் சத்தியம் செய்தார். அவருடைய முகத்தைப் பார்த்தால் கற்பிட்டியில் பாதிப் பேருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும் என்று தோன்றியது. வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டோவை நிறுத்தி, ஓர் ஓலைத் துண்டால் சாந்தைச் சுரண்டிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

பிற்பகல் 3.05

"கிடைக்கேல்லை" என்றேன்.

பரீதா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஷிபானா தலை வாரிப் புதுச் சட்டை போட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்க்க என்னால் முடியவில்லை. வான் சத்தம் கேட்கும் வரை அந்தக் கால் மணித்தியாலம் எனக்கு நரகம்.

ஜெமீலா தாத்தா வாசலுக்கு வெளியே மணலில் நின்றார். "உள்ளுக்கு வாங்க தாத்தா" என்று பரீதா ஓடினாள். அவர் உள்ளே வரவில்லை. சாக்கை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, கைகளை அதன் அடியில் மறைத்து வைத்திருந்தார்.

"பரீதா தங்கச்சி, உங்களிட்ட ஒரு உதவி கேட்டு வந்திரிக்கன். இந்த வயசுல எனக்கு அம்மி இழுக்க ஏலாது. மிக்சியில அடிச்சா இலை சூடாகி நெறம் செத்துப் போயிடும். இலை கொண்டு வந்திரிக்கன். உங்கட அம்மியில உங்கட கையால அரைச்சுத் தருவீங்களா? புள்ளைக்கும் போடுவம், எனக்கும் கொஞ்சம் வேணும்."

"இதுக்குப் போய்க் கேக்கணுமா தாத்தா?"

"ஓம். கேக்கத்தான் வேணும்."

பரீதா சாக்கை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அதை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவரை உள்ளே கூட்டி வந்தாள்.

அன்றைக்கு அவள் அரைத்த அரைப்பை நான் மறக்க மாட்டேன். ஆறு பிடி இலைக்கு ஒரு தேசிக்காய், நாலு கராம்பு, கடும் தேயிலைச் சாயம் ஒரு கரண்டி. தோள் இரண்டும் ஏறி இறங்க, திரிதிரியாக இல்லாமல் வெண்ணெய் போல வரும் வரை விடவில்லை. அரைத்த இலையால் கூம்புக்காரிகள் போல மயிர்க்கோடு இழுக்க முடியாது. அதற்கு வேறு சாமர்த்தியம் வேண்டும். பரீதா பூவரசம் இலையில் சின்னப் பிறையும் நட்சத்திரமும் வெட்டி ஷிபானாவின் வலது உள்ளங்கையில் ஒட்டி, அதன் மேல் சாந்தைப் பரப்பினாள். உரித்தெடுத்தால் சிவப்புக்குள் வெள்ளைப் பிறை தெரியும், எருக்கலம்பிட்டி வேலை. இடது கையை ஜெமீலா தாத்தா எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஈர்க்கு முனையால் தொட்டுத் தொட்டு ஏழு சுற்றுப் புள்ளி. ஒரு புள்ளிகூட இன்னொன்றை முட்டவில்லை. பத்து விரல் நுனிக்கும் தொப்பி போடுவதில் மட்டும் இருவருக்கும் ஒரே முறை. இவளுடைய பிறையை அவர் எட்டிப் பார்ப்பதும், அவருடைய புள்ளியை இவள் எட்டிப் பார்ப்பதுமாக ஒரு போட்டி சத்தமில்லாமல் நடந்தது. ஷிபானா இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டு, மூக்குச் சொறிய ஆள் தேடினாள். நான் சொறிந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.00

ஆண்கள் பள்ளிவாசலில் நிக்காஹ் முடித்து வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒவ்வொருத்தியாக வந்து ஷிபானாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கறுத்த சிவப்பு, பழுத்த நாவற்பழத்தைப் பிழிந்துவிட்டது போல. இரண்டு கையும் இரண்டு விதமாக இருக்கிறதே, இது என்ன புது நாகரிகம் என்று ஒருத்தி கேட்டாள். "ஒண்டு தாய்ட கை, ஒண்டு மாமிட கை" என்று ஷிபானாவே பதில் சொன்னாள். மூன்று நாளில் அந்தப் பிள்ளை பேசிய மிக நீளமான வசனம் அது. நடத்துனர் சொன்னபடி புரியாணியும் இருந்தது. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை, காலை 9.10

பாலாவிச் சந்தி வரை பரீதா கூட வந்தாள். யாழ்ப்பாண பஸ் வரத் தாமதம். உப்பளப் பக்கமிருந்து வந்த காற்று உதட்டில் கரித்தது. என் ஊரில் அயலவர் ஒருவருக்கொருவர் எதையும் கேட்டு வாங்காமல் இருப்பதை நாங்கள் பெரிய கௌரவமாக வைத்திருக்கிறோம். கறிவேப்பிலையைக்கூடக் கடையில்தான் வாங்குவோம். அது கௌரவமா, தனிமையா என்று அந்தச் சந்தியில் நின்று யோசித்தேன்.

"நீ சனிக்கிழமை எங்க போனாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் பரீதா.

நான் காற்றாலையைப் பார்த்தேன்.

"வந்து வாசல்ல செருப்பக் கழட்டினாய். குதிக்கால் ரெண்டும் செம்மஞ்சள். கிடைக்கேல்லை எண்டு செல்ற ஆளுக்குக் கால்ல எப்பிடி மருதோன்றி? நாப்பது அடி வேலி உள்ள வீடு இந்த ரோட்டுல வேற எங்க இரிக்கு?"

"அப்ப அவ வந்து நிக்கேக்கை ஏன் பேசாமல் நிண்டனி?"

"அவட கையும் பாத்தன். சாக்குக்கு அடியில ஒளிச்சாலும் அரைச்சுச் செவந்த விரல் தெரிஞ்சிச்சு. அரைக்க ஏலாத கையா அது?" சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "முப்பத்து மூணு வருஷத்துல இந்தக் கரையில ஒருத்தர் என்ட வாசல்ல வந்து நிண்டு என்னட்ட ஒரு உதவி கேட்டது அதுதான் முதல் தடவ வசந்தி. பொய்யா இருந்தா என்ன? நடுவுல மறிக்க மனம் வரல்ல. முழுசாக் கேட்டு முடியட்டும் எண்டு நிண்டன்."

பஸ் வந்தது. பையை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சாக்கில் வந்த தடித்த தண்டுகளை அவள் கிணற்றடி ஈர மணலில் ஊன்றி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. ஜன்னலால் தலையை நீட்டினேன்.

"பரீதா, அது வேர் விட்டால் எனக்கொரு கன்று தருவியா?"

"இப்பிடி பஸ்ஸுக்குள்ள இருந்து கேட்டாத் தர மாட்டன்" என்றாள் அவள். "எங்கட வீட்டு வாசல்ல வந்து நிண்டு கேளு."